கரையான்சாவடித் தேங்காய்

சிதறு தேங்காய் என்றால் சிதற வேண்டும். அந்த வகையில் நான் உடைத்த தேங்காயை யாரும் குறை சொல்ல முடியாது. பூந்தமல்லி கரையான்சாவடியில், டிரங்க் ரோட்டோரம், மெட்டடார் வேனுக்கு முன்னால் நான் ஓங்கிப் போட்ட போட்டில் அது சிதறியது. சிதறியதில் ஒரு ஓட்டுத் துண்டு மட்டும் தனியாகக் கிளம்பி, பக்கத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றிருந்த வேம்புலியின் கீழுதட்டில் போய்ப் பாய்ந்தது.

வேறு யார் உதடாக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். தபலாக்காரர் உதடு கிழிந்தால் அவர் பாட்டுக்கு வாசிப்பார். என் உதடு கிழிந்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக இன்னொரு தேங்காய் உடைத்திருப்பார்கள். ஆனால் வேம்புலி எங்கள் குழுவில் வாசித்தது ஒரே ஒரு வாத்தியம். விசில்.

'மதுரகீதம் இன்னிசைக் குழு, அம்பத்தூர்' என்று பேனர் வைத்திருந்தோம். எண்பத்தேழில் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தெருவுக்கு ஒரு இன்னிசைக் குழு இருந்தது. எல்லோரும் எல்லாப் பாட்டும் பாடினார்கள். நாங்கள் மட்டும் ஒரே பாடகரின் பாட்டுகளைப் பாடினோம். மதுரநாயகம் என்று ஒருவர். சில வருஷங்கள்தான் சினிமாவில் பாடினார், பிறகு நிறுத்திவிட்டார். அவர் பாட்டெல்லாம் விசிலில்தான் ஆரம்பிக்கும். முதலில் ஒற்றை விசில், ஆளில்லாத ரோட்டில் யாரோ தனியாக வருகிற மாதிரி. அப்புறம்தான் குரல்.

குரலுக்கு எங்களிடம் ஜோசப்ராஜ் இருந்தார். கண்ணை மூடிக் கேட்டால் சாட்சாத் மதுரநாயகம். கண்ணைத் திறந்தால் ஆவடி ரேஷன் கடையில் எடை போடுகிறவர். பெண்குரலுக்கு ஞானகுமாரி. அக்கார்டியன் வாசித்துக் குழுவை நடத்தியவர் டேவிட் அண்ணன், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். விசிலுக்கு வெள்ளானூர் வேம்புலி. எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிற ஆள். தோள் இரண்டும் மூட்டை மாதிரி இருக்கும். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு மெல்லிய சத்தம் எப்படி வருகிறது என்று முதல் முறை கேட்கிறவர்கள் ஸ்டேஜுக்குப் பின்னால் போய் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

நான் உத்தமன். பெயரை வைத்தது என் அப்பா, அதற்கு நான் பொறுப்பில்லை. பாட வந்தேன். டேவிட் அண்ணன் இரண்டு வரி கேட்டுவிட்டு, “தம்பி, நீ பேசுடா” என்றார். அன்றிலிருந்து நான் அறிவிப்பாளன். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஜோக் சொல்வேன், யாராவது சிரிப்பார்கள், அதற்குள் கிட்டார்க்காரர் தந்தியை முறுக்கிச் சரிசெய்துகொள்வார்.

தேங்காயை நான் உடைத்திருக்கவே வேண்டியதில்லை. வேன் டிரைவர் கோவிந்தன் தேங்காய் உடைக்காமல் கரையான்சாவடியைத் தாண்டிப் பழக்கமில்லாதவர். டேவிட் அண்ணன் கண்ணை மூடி ஜெபம் சொல்லி 'ஆமென்' என்றதும், கோவிந்தன் கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு சாமிக்கும் சொல்லியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். நான்தான், “குடு நைனா, நான் போடறேன் பாரு ஒரு பாலு” என்று தேங்காயைப் பிடுங்கி, வேகப்பந்து வீச்சாளன் மாதிரி தூரத்திலிருந்து ஓடிவந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு டாக்டர் தையல் போட்டார். “தையல் பிரிக்கிற வரைக்கும் விசில் கூடாது. பேசவும் வேணாம். முக்கியமா சிரிக்கக் கூடாது” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அதப் பத்திக் கவலயில்ல டாக்டர்,” என்றாள் ஞானகுமாரி. “இவன் ஜோக்குக்கு நாங்க யாருமே சிரிக்கறதில்ல.”

வெளியே வந்ததும் டேவிட் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணே, என்னத் திட்டிடுங்க. ரெண்டு அடி வேணா அடிங்க. குழுவுல கீறேனா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க.”

அவர் வேன் கதவைத் திறந்தார். “என்னக் கேக்காத. கிழிஞ்சது அவன் ஒதடு. அவன் வாயத் தொறந்து சொல்லட்டும். இருன்னா இரு. போன்னா, திரும்பி வந்ததும் மைக்கக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு.”

சிரிப்பாகத்தான் இருக்கும் கேட்க. ஆனால் எனக்கு அந்த மைக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. கம்பெனியில் வாயைத் திறந்தால் 'வேலயப் பாரு' என்பார்கள். வீட்டில் திறந்தால் 'சோத்தத் தின்னு' என்பார்கள். ஒரு மனுஷன் பேசலாம், பேசத்தான் வேண்டும் என்று எனக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் குழு. அதில் நான் இருப்பதா போவதா என்று சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திறக்க முடியாமல் செய்தவன் நான்.

போகிற ஊர் கோலார் தங்கவயல். அம்பத்தூர், ஆவடி, மாங்காட்டைத் தாண்டிக் குழு வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற தமிழர்கள் ஒரு விழா வைத்திருந்தார்கள். 'மதுரநாயகம் பாட்டு மட்டும் பாடுகிற குழு' என்று கேள்விப்பட்டு எங்களைத்தான் வேண்டும் என்றார்களாம்.

வேன் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியது. அதற்கப்புறம் ஆளாளுக்கு விசிலடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜோசப்ராஜுக்கு முன்பல் கட்டிய பல், காற்று வந்ததே தவிர சுருதி வரவில்லை. தபலாக்காரர் அடித்ததற்கு ஒரு நாய் காஞ்சிபுரம் கூட்ரோடு வரை கூடவே ஓடிவந்தது. நான் அடித்தேன்.

“குக்கர எறக்குங்கடா, சாதம் வெந்துடுச்சி,” என்றார் கோவிந்தன்.

கடைசியில் டேவிட் அண்ணன் விசில் வருகிற இடத்தையெல்லாம் அக்கார்டியனில் வாசிப்பது என்று முடிவானது. வாசித்தும் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக நடந்து வர வேண்டியவன் கல்யாண ஊர்வலத்தோடு வருகிற மாதிரி இருந்தது. வேம்புலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அவர் பக்கத்துச் சீட்டுக்கு மாறினேன். “அண்ணாத்தே, கோவமா?”

அவர் என்னைப் பார்த்தார். வாயில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக இருக்கிற ஒரு முகத்தில் என்ன தெரியும்? கோபமும் தெரியலாம், வலியும் தெரியலாம், பசியும் தெரியலாம்.

“கோவம்னா கண்ண ஒருவாட்டி மூடு. கோவமில்லன்னா ரெண்டுவாட்டி.”

கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. தூங்கிவிட்டார்.

ராணிப்பேட்டையில் எழுந்ததும் மறுபடி கேட்டேன். கையை விசிறினார். அது 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற விசிறலா, 'தள்ளிப் போடா' என்ற விசிறலா என்று வேலூர் கோட்டை வரைக்கும் யோசித்தேன். ஞானகுமாரியிடம் கேட்டதற்கு, “ஈ வெரட்டினாரு” என்றாள். வேலூரில் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பேனாவோடு அவரிடம் நீட்டினேன். “எதுவா இருந்தாலும் பரவால்ல அண்ணாத்தே. எழுதிடு. மனச தேத்திக்கினேன்.”

அவர் வாங்கி, ரொம்ப நேரம் யோசித்து, நிதானமாக எழுதிக் கொடுத்தார். 'டீ' என்று இருந்தது.

வாங்கிக் கொடுத்தேன். ஸ்பூனில் நானே ஊட்டியும் விட்டேன். கடைக்காரர் எங்களைப் புதுசாகக் கல்யாணமானவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேம்புலியின் கன்னம் லேசாக ஆடியது. சிரிப்போ என்று பயந்து ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். தையல் முக்கியம்.

பேர்ணாம்பட்டு தாண்டி மலையேறி, தங்கவயலுக்குள் வேன் நுழைந்தபோது சாயங்கால வெயில். முதலில் கண்ணில் பட்டது மலைகள். சாம்பலும் வெள்ளையுமாக, உச்சி சீவிவிட்ட மாதிரி மொட்டையாக, புல் பூண்டு இல்லாமல் வரிசையாக நின்றன.

“இன்னா மலைடா இது, சாமி மலையா?” என்றார் கோவிந்தன்.

“மலையில்லீங்கோ. கீழயிருந்து எடுத்த கல்லு. அரைச்சித் தங்கத்த எடுத்துட்டு மிச்சத்தக் கொட்டினது” என்றார் எங்களைக் கூட்டிப்போக வேனில் ஏறிக்கொண்டவர். விழாக் கமிட்டிக்காரர், சுரங்கத்தில் துளை போடுகிற வேலை. பெயர் சின்னப்பையன். நரைத்த மீசை, ஐம்பது வயதிருக்கும்.

நான் அந்த மலைகளைப் பார்த்தேன். அவ்வளவு கல்லும் கீழே இருந்தது என்றால், இப்போது கீழே என்ன இருக்கிறது? நாங்கள் எதன்மேல் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்? வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். வரவில்லை.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், இரும்புக் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு ஒரு கோபுரம் நின்றது. அதன் உச்சியில் ராட்டினம் போல ஒரு சக்கரம். சக்கரத்திலிருந்து கம்பிவடம் இறங்கித் தரைக்குள் போய் மறைந்தது.

“அந்தக் கம்பி முனையிலதான் கூண்டு. அதுலதான் நாங்க எறங்கறது” என்றார் சின்னப்பையன்.

“எவ்ளோ ஆழங்க?”

“மொதல்ல ஒரு கூண்டு. அதுலருந்து நடந்து போயி இன்னொரு கூண்டு. அதுக்கும் கீழ இன்னொண்ணு. அடிக்குப் போயிட்டா கல்ல தொட்டாச் சுடும். மேல வானம்னு ஒண்ணு கீதுன்றதே மறந்துபூடும்.”

அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி நாகம்மாள் கேழ்வரகுக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தார். பாத்திரம் அடுக்கிய பலகைக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை ஆணி அடித்து வைத்திருந்தார்கள், பாத்திரங்களைச் சிறை வைத்த மாதிரி.

“பாத்திரம் எங்கியாச்சும் ஓடிடுமாம்மா?” என்றேன்.

“ஓடும் தம்பி” என்றார் அவர், சிரிக்காமல். “கீழ பாறை அப்பப்ப வெடிக்கும். ஊடே குலுங்கும். சட்டம் இல்லன்னா அத்தினியும் தலமேலதான்.”

அப்போதுதான் சின்னப்பையன் வேம்புலியின் வாயைச் சரியாகப் பார்த்தார். “ஒதட்டுல இன்னா காயம்?”

எல்லோரும் களியை உருட்டினார்கள். நான்தான் சொன்னேன், தேங்காயை, ஓடிவந்ததை, எல்லாவற்றையும். முடிந்தவரை சிரிப்பாகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “விசில் அடிக்கறவரு இவருதானா?” என்று கேட்டார். “அப்ப லாந்தர் பாட்டு?”

லாந்தர் பாட்டு மதுரநாயகத்தின் பாட்டுகளிலேயே பெரிய பாட்டு. விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போகிற ஒருவன் பாடுவது. அதன் விசில்தான் இருப்பதிலேயே நீளம்.

“அக்கார்டியன்ல வாசிச்சிடுவோம்” என்றார் டேவிட் அண்ணன்.

சின்னப்பையன் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். அப்புறம் சொன்னார். “கீழ விசில் அடிக்கக் கூடாதுங்கோ. எங்க தாத்தா காலத்துலருந்து அது வழக்கம். பாறைக்குக் கேட்டுடும்னு சொல்லுவாங்கோ. எட்டு மணி நேரம் வாய மூடிக்கினு கிடப்போம். கூண்டு மேல வந்து கால் மண்ணுல பட்டதும் மொத காரியமா விசில் அடிப்போம். எங்க லைன் ஆளுங்க அத்தினி பேரும் அடிக்கறது அந்த லாந்தர் பாட்டு விசில்தான். யாரு ஆரம்பிச்சான்னு தெரியாது. ஊட்டுல உக்காந்துகினு இருக்கறவங்களுக்கு அது கேக்கும். நம்ம ஆளு மேல வந்துட்டான்னு தெரிஞ்சிக்கினு ஒலய வைப்பாங்கோ.”

“எம் மூத்தவன் கடைசில ஒரு இழுப்பு இழுப்பான்” என்றார் நாகம்மாள். “அத்தினி பேருல அவன் மட்டும் தனியாத் தெரிவான். இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு அவனுக்கு. உங்க பாட்டக் கேக்க முடியலியேன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு போனான்.”

களியைத் தட்டிலேயே விட்டேன். அந்த விசிலுக்காகத்தான் இவ்வளவு தூரம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைத்தான் நான் கரையான்சாவடியில் உடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேம்புலியைப் பார்த்தேன். அவர் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. முடிந்தது, மைக்கைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானம் முழுக்க ஆட்கள். அவ்வளவு பேரை நான் ஆவடித் தேர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. தரையில் பாய், கோணி, போர்வை. பின்னால் நிற்கிறவர்களுக்கும் பின்னால், விளக்கு எட்டாத இடத்தில், சக்கரம் மட்டும் வானத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

கடைசிக் கச்சேரி என்று நினைத்துத்தான் மைக்கைப் பிடித்தேன். தேங்காய்க் கதையைச் சொல்லி, “அதனால இன்னிக்கு விசில் இல்ல. அதுக்குப் பதிலா நீங்க என்னத் திட்டி விசில் அடிச்சிக்கலாம்” என்றேன். சிரித்தார்கள். நல்ல மனுஷர்கள். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. விசில் வர வேண்டிய இடத்தில் அக்கார்டியன் வந்தது. கை தட்டினார்கள், விருந்தாளிக்குத் தட்டுகிற கைதட்டல். ஜோசப்ராஜ் ஒரு பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்கும்போது என் காதில், “மச்சான், பாட்டு தல இல்லாத முண்டம் மாதிரி கீதுடா” என்றார்.

அடுத்தது லாந்தர் பாட்டு. நான் முன்னால் போய், “இப்ப நீங்க எதுக்காக இவ்ளோ நேரம் காத்திருந்தீங்களோ” என்று ஆரம்பித்தேன்.

முதலில் டிரம் செட்டின் சிம்பல் தட்டு தானாகச் சிணுங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் காலுக்கடியில், ரொம்ப ரொம்பக் கீழே, யாரோ பெரிய கதவு ஒன்றை அறைந்து சாத்திய மாதிரி ஒரு அதிர்வு. ஸ்டேஜ் பலகை உதறியது. மைக் ஸ்டாண்ட் என் கையில் நடுங்கியது.

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிடும். அதுதான் என் வியாதி. “ஒண்ணுமில்லீங்க,” என்றேன், “எங்க டேவிட் அண்ணன் தாளத்துக்குக் கால் தட்டினாரு.”

அந்த ஜோக் ஸ்பீக்கரில் மைதானத்தைச் சுற்றிவந்து என்னிடமே திரும்பியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திட்டவில்லை. கோபத்தோடு திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் அங்கே இல்லவே இல்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. யாரும் சொல்லாமலே அவ்வளவு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்கள். சக்கரம் நின்றிருந்தது.

நான் மைக்கை அணைத்தேன். எப்போது அணைத்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தனை பேர் கூடிய இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கோயிலிலும் கேட்டதில்லை, டேவிட் அண்ணனோடு போன சர்ச்சிலும் கேட்டதில்லை. ஸ்டேஜுக்கு நேர் கீழே நாகம்மாள் முந்தானை முனையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னப்பையன் அவர் பக்கத்தில் நின்றார். தொடவில்லை, பேசவில்லை. ஒரு குழந்தை எங்கோ சிணுங்கியது. அதை யாரோ தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. வேம்புலி பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஜோசப்ராஜ் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். தபலாக்காரர் தபலாவின்மேல் உள்ளங்கையை வைத்து அதைப் பேசவிடாமல் பிடித்திருந்தார்.

ஒரு ஷிஃப்ட் ஆட்கள் அந்தக் கம்பி முனையில் இருக்கிறார்கள். எங்கள் காலுக்கு நேர் கீழேகூட இருக்கலாம். நான் குதித்துக் குதித்து ஜோக் சொன்ன பலகைக்குக் கீழே, மண்ணுக்குக் கீழே, சுடுகிற கல்லுக்குக் கீழே.

சக்கரம் சுற்றியது.

மைதானம் மூச்சு விட்டது. ஆனால் யாரும் உட்காரவில்லை. சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. அப்புறம் அந்த இருட்டிலிருந்து, ஊசி நூல் மாதிரி, ஒரு விசில் வந்தது.

லாந்தர் பாட்டு. ஒற்றை விசில். ஆளில்லாத ரோட்டில் யாரோ தனியாக வருகிற மாதிரி. அது முடிவதற்குள் இன்னொன்று சேர்ந்தது. இன்னொன்று. கூண்டு மேலே வர வர, கால் மண்ணில் பட்ட ஒவ்வொருவனும் அதில் சேர்ந்துகொண்டான். மைதானத்தில் ஒரு பெண் 'ஹா' என்று உட்கார்ந்தாள். அவள் ஆள் வந்துவிட்டான். இன்னொரு பக்கம் ஒரு கிழவர் உட்கார்ந்தார். தெரிந்த விசில் கேட்கக் கேட்க, ஒவ்வொருவராக, மழை நின்ற பிறகு இலைகள் சொட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டே வந்தார்கள்.

நாகம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

சக்கரம் இன்னொரு முறை சுற்றி நின்றது. விசில்கள் கூடின. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், எல்லா விசிலும் அடங்குகிற இடத்தில், ஒன்று மட்டும் அடங்காமல் நீண்டு, கொஞ்சம் திமிராக, ஒரு இழுப்பு இழுத்தது.

அவர் உட்காரவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்துத் திருப்பி அடித்தார்.

அதுதான் ஆரம்பம். சின்னப்பையன் அடித்தார். பக்கத்திலிருந்தவர் அடித்தார். வரிசை வரிசையாக, மைதானம் முழுக்க, ஆணும் பெண்ணும், பல் போனவர்களும், மூக்கொழுகுகிற பிள்ளைகளும், அந்த நீள விசிலை எடுத்தார்கள். எங்கள் ஊரில் கூட்டம் விசிலடித்தால் காது கிழியும். இது அப்படி இல்லை. அவ்வளவு பேரும் அடித்தும் மெதுவாக இருந்தது, கீழே இருக்கிற எதையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி. அங்கிருந்து அவர்கள், இங்கிருந்து இவர்கள். போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. என் கை முடியெல்லாம் நின்றுவிட்டது. நான் பொதுவாக அழ மாட்டேன், மற்றவர்களைத்தான் அழ வைப்பேன். அன்று மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வேம்புலியைத் திரும்பிப் பார்த்தேன். பஞ்சுக்கு மேலே அவர் உதடு குவிந்திருந்தது. சத்தம் இல்லை. கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டேவிட் அண்ணன் அக்கார்டியன் பக்கமே போகவில்லை. விசில் முடிகிற இடத்தில் ஜோசப்ராஜைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஜோசப்ராஜ் பாடினார். அவர் ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை. அந்தப் பாட்டுக்கு அறிவிப்பு இல்லை. தேவைப்படவும் இல்லை.

மறுநாள் காலை வேனில் சாமான் ஏற்றினோம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் ஷிஃப்ட் இறங்கியாயிற்று. நாகம்மாள் ஒரு தூக்கு நிறையச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அவர் மூத்த மகன், நெடுநெடு என்று ஒரு பையன், ஸ்பீக்கர் பெட்டியைத் தனி ஆளாகத் தூக்கி வைத்துவிட்டு, பாட்டைக் கேட்க முடியவில்லை என்று மறுபடி குறைபட்டுக்கொண்டான்.

கோவிந்தன் வேன் முன்னால் கற்பூரம் ஏற்றினார். சின்னப்பையனுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருந்தது. உள்ளே போய் ஒரு நல்ல தேங்காயாகப் பார்த்து எடுத்து வந்து, கிட்டத்தில் நின்ற ஆளின் கையில் வைத்தார்.

கிட்டத்தில் நின்ற ஆள் நான்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது குழு இல்லை. தபலாக்காரர் வேனுக்குப் பின்னால். கிட்டார்க்காரர் வேனுக்கு அடியில். ஜோசப்ராஜ் இரண்டு கையாலும் தொண்டையை மூடிக்கொண்டு தெருக்கோடியில். ஞானகுமாரி மட்டும் கதவிடுக்கிலிருந்து தலையை நீட்டி, “டேவிட் அண்ணே, இவனக் கெட்டியாப் பிடிச்சிக்கோங்க, ஓடிவரப் போறான்” என்று கத்தினாள். டேவிட் அண்ணன் என்னைப் பிடிக்கவில்லை. அக்கார்டியன் பெட்டியைத்தான் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

வேம்புலி மட்டும் நகரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

தேங்காயை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். கேட்காமலே இருந்துவிடலாம் என்று ராத்திரியெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் என் வாய்தான் எனக்கு முன்னால் பேசிவிடுமே.

“அண்ணாத்தே, கோவமா?”

அவர் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தார். பஞ்சை எடுத்தார். உதடு வீங்கி, தையல் கறுப்பாகத் தெரிந்தது.

“கீது” என்றார். குரல் கரகரத்தது. “ஊட்டுக்குப் போனாலும் இருக்கும்.”

“அப்ப... நான் மைக்கக் குடுத்துடவா?”

அவர் அந்தக் கோபுரத்தைப் பார்த்தார். சக்கரம் மெதுவாகி நின்றது.

“இத்தினி வருசமா நான்தான் அடிக்கிறேன்” என்றார், ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை அசைக்காமல். “நேத்துதாண்டா கேட்டேன்.”

அப்புறம் கையை நீட்டினார்.

“நீ குழுவுல கீறடா. தேங்காய மட்டும் இங்க குடு.”